காய்ச்சலுக்குக் கணக்கு எழுதியவர்

பதுளையிலிருந்து பசறை வீதியிற் சென்று மலையேறினால் எதிர்ப்படும் தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில் நான் பல்லாண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். ஓய்வு பெற்று இறங்கி வந்தபோது அப்பள்ளியின் நினைவாக என்னுடன் வந்தது ஒரேயொரு தாள். வரவு இடாப்பிலிருந்து ஒரு கிழமைக் கணக்கை மட்டும் அதிற் பெயர்த்து எழுதி வைத்திருந்தேன்.

கார்த்திகை மாதம், விடாத மழை. பள்ளியில் 140 பிள்ளைகள். திங்களன்று வராதோர் 6 பேர். செவ்வாயன்று 9. புதனன்று 13. வியாழனன்று 20. வெள்ளியன்று 29. மழையைக் காரணமாக எண்ணினேன். ஓடை பெருகியிருக்கும் என்றும் எண்ணினேன். அடுத்த திங்களன்று வகுப்பறைகள் பாதி வெறுமையாக இருந்தன. லயங்களிலே வீட்டுக்கு வீடு இருமல் கேட்டது. அடுத்த இரண்டு கிழமைகளுக்குள் முதியவர் இருவர் மார்ச்சளி கண்டு மறைந்தனர். அவர்களுள் ஒருவர், என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த சிறுமியைத் தாயின் இடத்திலிருந்து வளர்த்த அம்மாயி.

நாள்தோறும் என் கையால் நானே எழுதிய எண்கள் அவை. ஒவ்வொரு நாளின் எண்ணும் முந்திய நாளினதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. புதன்கிழமை மாலையிலேயே அதனைக் கண்டிருக்கலாம். கண்டிருந்தால் மூத்தோரைப் பிள்ளைகளிடமிருந்து சிறிது விலக்கி வைக்கும்படி லயத்துக்குச் சென்று சொல்லியிருக்கலாம். நான் காணவில்லை. ஓராண்டு கழித்து, ரொனால்ட் ரொஸ் என்னும் மருத்துவரின் வாழ்க்கையைப் படித்த பின்னரே அந்தத் தாளின் பொருள் எனக்கு விளங்கிற்று. அவர் வரலாற்றை இங்கு எழுதப் புகுந்தமைக்கு அதுவே காரணம்.

நுளம்பு வாயிலாக மலேரியா பரவுகிறதென்று கண்டவர் ரொஸ் என்று நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அது மெய்யே. ஆனால், கொள்ளைநோய்கள் பெருகுவதற்கும் அடங்குவதற்கும் உரிய பொதுவிதிகளைக் கணிதத்தால் நிறுவியதையே அவர் தமது முதன்மையான பணியாக மதித்தார். உலகம் முன்னதற்கு மாலையிட்டது. பின்னதை நெடுங்காலம் திரும்பியும் பார்க்கவில்லை. இன்று இன்புளுவென்சா எப்போது வரும், எவ்வளவு வரும், ஊசி மருந்தை யாருக்கு முதலில் இடுவது என்று அறிஞர் கணக்கிடும்போதெல்லாம், அவர்கள் நடப்பது ரொஸ் முதலில் வெட்டிய பாதையிலேதான்.

ரொஸ் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவிற் பிறந்தார். மீரட் நகரிலே சிப்பாய்களின் எழுச்சி தொடங்கி அப்போது மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை படைத்தலைவர். எட்டு வயதிற் பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஓவியம் தீட்டவும் கவிதை எழுதவும் பையனுக்கு ஆசை; மருத்துவனாக்கி இந்திய மருத்துவச் சேவையிற் சேர்ப்பது தந்தையின் முடிவு. தந்தையின் முடிவே வென்றது. லண்டனிலே மருத்துவம் படித்த காலத்தில் அவர் ஊக்கமுள்ள மாணவராக இருக்கவில்லை. ஒருவாறு தேறி, 1881ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திலே பணியேற்றார்.

படைமுகாம் மருத்துவனுக்கு அந்நாளில் ஓய்வு மிகுதி. மற்றவர்கள் வேட்டையிலும் விளையாட்டிலும் கழித்த பொழுதை அவர் கணித நூல்களிற் கழித்தார். ஆசிரியர் எவருமின்றித் தாமாகவே உயர்கணிதம் கற்றார். கவிதையும் நாவலும் எழுதினார். பெங்களூரில் 1883இல் அவர் தங்கியிருந்த பங்களாவில் நுளம்புத் தொல்லை பெரிதாக இருந்தது. சன்னலுக்கு வெளியே நீர் நிறைந்த தொட்டியொன்றில் அவை பெருகுவதைக் கண்டு, அத்தொட்டியைக் கவிழ்த்தார், நுளம்புகள் குறைந்தன. அப்போது அவர் மலேரியாவை நினைக்கவேயில்லை. எனினும், எண்ணிக்கையைக் குறைக்க முடியும், அதற்கு எல்லாவற்றையும் அழிக்க வேண்டுவதில்லை என்ற நினைவு அன்றே விதைக்கப்பட்டது போலும்.

பிரெஞ்சு மருத்துவரான லவெரான் 1880இல் நோயாளியின் குருதியில் மலேரியாக் கிருமியைக் கண்டிருந்தார். ரொஸ் அதனை நெடுநாள் நம்பவில்லை. விடுமுறையில் 1894இல் லண்டன் சென்றபோது, பற்றிக் மான்சன் என்ற மூத்த மருத்துவர் நுண்காட்டியின் கீழ் அக்கிருமியை அவருக்குக் காட்டினார்; நுளம்புக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற தமது ஐயத்தையும் தெரிவித்தார். அன்றுமுதல் ரொஸ்ஸின் வாழ்வுக்கு ஒரு திசை பிறந்தது. இந்தியா திரும்பி, ஈராண்டுகளுக்கு மேல் நுளம்புகளை அறுத்தறுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, அவர் பார்த்தவை மலேரியாவைச் சுமக்காத வேறினம்.

இடையில், 1897இன் கோடையில், அவர் நீலகிரிக்குச் சென்றார். மலையேறும் சீகூர்க் கணவாயைச் சார்ந்த தோட்டங்களிலே காய்ச்சல் மலிந்திருந்தது. அதனை ஆராயப் போனவரையே அக்காய்ச்சல் பற்றிக்கொண்டது. தோட்டத்துக் காய்ச்சலைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் என்பதால், மலையகத்தில் வாழும் நமக்கு அவர் சற்று நெருங்கியவராகிறார்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திற் செக்கந்தராபாத்தின் வெம்மை பொறுக்கமுடியாதிருந்தது. பங்கா அசைந்தால் நுளம்புகள் பறந்துவிடும் என்று அதனையும் நிறுத்தி, வியர்வையால் நுண்காட்டியின் திருகாணிகள் துருவேற, அவர் உழைத்தார். ஹுசைன் கான் என்ற நோயாளி, கடித்த நுளம்பு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு, புள்ளிச் சிறகுடைய நுளம்புகளுக்குத் தம் கையை நீட்டினார். ஓகஸ்ட் 20ஆம் திகதி, எஞ்சியிருந்த ஒரு சில நுளம்புகளுள் ஒன்றின் வயிற்றுச் சுவரிலே கரும்பொட்டுக்கள் கொண்ட உயிரணுக்களை ரொஸ் கண்டார். மறுவருடம் கல்கத்தாவிலே, பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, கிருமி நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே மற்றோர் உடலைச் சேர்வதையும் நிறுவினார். இத்தாலிய அறிஞர் கிராசி முதலியோர் மனித மலேரியாவில் அதே சுற்றை முழுமையாகக் காட்டினர். 1902இல் ரொஸ்ஸுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வேறொருவர் என்றால் அத்துடன் அமர்ந்திருப்பார். ரொஸ்ஸுக்கு உண்மையான துன்பம் அதன் பின்னரே தொடங்கிற்று. நுளம்பைக் குறைத்தால் மலேரியா குறையும் என்று அவர் சொன்னார். ஒரு நாட்டின் நுளம்பையெல்லாம் எவரால் ஒழிக்க முடியும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். லாகூருக்கு அருகிலுள்ள மியான் மீர் படைமுகாமிலே 1902 முதற் செய்த சோதனை நல்ல பலன் தரவில்லை என்று அறிக்கை வந்தது. எடுத்துக்கொண்ட நிலம் சிறிது, சுற்றுப்புறத்து நுளம்பு உள்ளே வந்துகொண்டிருந்தது என்பது ரொஸ்ஸின் வாதம். வாதத்தை வாயாற் சொல்லிப் பயனில்லை என்று உணர்ந்தவர் கணிதத்தை நாடினார். 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே ஆற்றிய உரையில், பிறந்த இடத்திலிருந்து நுளம்பு எவ்வளவு தூரம் பரவும் என்பதையே ஒரு கணக்காக அமைத்துக் காட்டினார்.

அடுத்த படி மொரீசியஸ் தீவு. கரும்புத் தோட்டங்களிலே இந்தியத் தொழிலாளர் நிறைந்த தீவு அது. 1907ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்று மூன்று மாதங்கள் ஆராய்ந்தார். அவர் எழுதிய அறிக்கையில் ஒரு கேள்வி எழுந்தது: ஒரு மாதத்திற் புதிதாக நோயுறுவோர் எத்தனை பேர்? ஊரில் உள்ளவர் தொகை, அவருள் நோயாளரின் பங்கு, நுளம்பின் தொகை, ஒரு நுளம்பு மனிதரைக் கடிக்கும் வாய்ப்பு, கிருமி முதிரும்வரை அது உயிரோடிருக்கும் வாய்ப்பு, மீண்டும் கடிக்கும் வாய்ப்பு ஆகிய அனைத்தையும் ஒன்றோடொன்று பெருக்கினார். மறுபுறத்திலே குணமடைவோரை வைத்தார். இரண்டையும் ஒப்பிட்டார்.

அக்கணக்கின் உட்பொருளை நம் லயத்துப் பீலியைக் கொண்டே விளக்கலாம். பீலியின் கீழே அடியில் துளையுள்ள பீப்பாய் ஒன்றை வைத்திருப்பதாகக் கொள்வோம். மேலே விழும் நீர் புதிதாக நோயுறுவோர். துளையால் ஒழுகும் நீர் குணமடைவோர். விழும் நீர் ஒழுகும் நீரினும் சிறிதே குறைந்தாலும் போதும். நாள் செல்லச் செல்லப் பீப்பாய் தானே வற்றிவிடும். பீலியை முற்றாக அடைக்க வேண்டுவதில்லை. ஆளுக்கு ஏறக்குறைய 40 அனோபிலிஸ் நுளம்புகளுக்குக் கீழே தொகை இறங்கினால் மலேரியா நிலைக்காது என்று, தாம் கொண்ட உத்தேச அளவுகளின்படி அவர் கணித்தார். அந்த எண் இடத்துக்கிடம் மாறும். ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு, அதற்குக் கீழே நோய் தானே மங்கும் என்ற உண்மை மாறவில்லை. கொள்ளைநோய் ஆராய்ச்சியில் இன்றும் அடித்தளமாக இருப்பது அந்த எல்லைக்கோடே.

1911இல் வெளிவந்த மலேரியாத் தடுப்பு நூலின் இரண்டாம் பதிப்பில் அக்கணக்கை அவர் மேலும் விரித்தார். பின்னர், நுளம்பையும் மலேரியாவையும் கடந்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தும் சமன்பாடுகளைத் தேடினார். ஹில்டா ஹட்சன் என்ற கணித விற்பன்னரின் துணையுடன் 1916, 1917ஆம் ஆண்டுகளில் லண்டன் றோயல் சங்கத்தின் வாயிலாக அவற்றை வெளியிட்டார். உலகப் போரின் நடுவிலே அவற்றைப் படித்தவர் சிலரே. சமன்பாடுகள் அச்சாகி ஓராண்டுக்குள் உலகையே அலைத்த இன்புளுவென்சா கிளம்பிற்று. மருந்து கையில் இல்லை. கிருமி இன்னதென்று எவருக்கும் தெரியாது. கணக்கு மட்டும் ஒரு புத்தக அலமாரியிலே கிடந்தது.

அக்காய்ச்சல் 1918, 1919ஆம் ஆண்டுகளிலே இலங்கையில் விளைத்த சேதத்தைப் பின்னாளைய ஆய்வாளர்கள் குடிசன மதிப்பீடுகளை ஒப்பிட்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். தீவின் மக்கட்டொகையில் ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 3,07,000. அதாவது நூற்றுக்கு 6.7. அந்நாளிற் புகையிரதம் பதுளையை எட்டியிருக்கவில்லை. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இலேதான். ஆயினும் ஆள் நடமாட்டம் நிற்கவில்லை. மண்டபம் முகாமிலிருந்து தலைமன்னார் வழியாகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் வந்துகொண்டேயிருந்தனர். பத்தடி அறையிலே ஒரு குடும்பம், சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் என்று அமைந்த லயங்களிலே, மூச்சின் வழிப் பரவும் நோய்க்குத் தடையேது?

ரொஸ்ஸின் கணக்கை இன்புளுவென்சா போன்ற நோய்களுக்கு உரியதாக்கியவர் அவருடைய இளைய தோழர் ஒருவரே. மக்கென்றிக் என்ற அவ்விளைஞர் 1901இல் ரொஸ்ஸுடன் சியரா லியோனுக்குச் சென்றவர். பின்னர் இந்திய மருத்துவச் சேவையிற் பல்லாண்டு பணிபுரிந்து, நோயுற்று எடின்பரோவுக்குத் திரும்பியவர். அங்கே, ஆய்வுகூட வெடிவிபத்தால் 1924இற் கண்பார்வையை இழந்திருந்த கேர்மக் என்ற இரசாயன அறிஞருடன் இணைந்தார். இருவரும் 1927இல் வெளியிட்ட ஆய்வுரையிலே, பம்பாயில் 1905, 1906ஆம் ஆண்டுகளிற் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தோர் தொகையைத் தங்கள் கோட்டுடன் பொருத்திக் காட்டினார்கள். இந்தியாவின் பிண எண்ணிக்கையிலிருந்தே உலகத்துக்கு அந்த விதி கிடைத்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அவர்கள் கண்ட உண்மை ஊவா வாழ் மக்களுக்குப் புதிதன்று. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியிலே நம் புல்மலைகளில் தீப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். தீ அணையும்போது மானாப்புல் முழுவதும் எரிந்திருப்பதில்லை. எஞ்சிய புல் இடைவிட்டு நிற்பதால், தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ முடியாமற் போகிறது. கொள்ளைநோயும் அவ்வாறே. எல்லோரும் நோயுற்ற பின்னரே அது நிற்கிறது என்பதில்லை. நோய்க்கு இலக்காகக் கூடியவர்கள் ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததும் அது நிற்கிறது. அந்தக் குறைவை நோய் உண்டாக்கும்வரை காத்திராமல் ஊசி மருந்தால் முன்னதாகவே உண்டாக்குவதே தடுப்பு.

இதில் ஒரு சிறு கணிதம் உண்டு. மாணவர்கள் செய்து பார்க்கலாம். ஆண்டுதோறும் வரும் இன்புளுவென்சாவில் ஒரு நோயாளி சராசரி ஒன்றரைப் பேருக்கு நோயைக் கொடுக்கிறார் என்று கொள்வோம். அறிஞர் மதிப்பீடுகள் பலவும் இதனை அடுத்தே அமைகின்றன. அத்தொகையை ஒன்றாகக் குறைக்க, மூன்றில் ஒரு பங்கினருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கவேண்டும். ஊசி மருந்து பாதிப்பேருக்கே முழுப் பலன் தருமாயின், மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதனை இடவேண்டும். இப்போது மற்றொரு வழியைப் பாருங்கள். ஊசியே இல்லாவிடினும், நோயாளர் மற்றவர்களோடு கலப்பதை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் ஒன்றரை ஒன்றாகிவிடும். காய்ச்சற்காரர் வீட்டில் இருந்தால், சன்னல் திறந்திருந்தால், முதியவரும் குழந்தையும் சில நாள் விலகியிருந்தால், அவையும் அதே கணக்கிற் சேர்ந்து பீலியின் நீரைக் குறைக்கும்.

ஆனால் தோட்டத்தில் ‘பேர்’ என்ற ஒன்று உண்டே! காலையிற் பெரட்டுக்குச் சென்றால்தான் செக்ரோலிற் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. காய்ச்சலோடு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குச் செல்லும் தாயிடம் வீட்டில் இருக்கச் சொல்லுவது எளிது; அன்றைய பேருக்கு யார் பொறுப்பு என்று அவள் திருப்பிக் கேட்டால் நம்மிடம் விடை இல்லை. காய்ச்சலில் இருப்பவளின் இரண்டு நாட் கூலி அவளுக்குச் செய்யும் தருமம் என்று நான் முன்பு எண்ணியதுண்டு. அது தோட்டம் முழுவதற்கும் இடும் தடுப்பு மருந்து என்று கணக்கு எனக்குக் காட்டிற்று.

ரொஸ்ஸின் இறுதிக்காலம் இனிமையானதன்று. நுளம்பு ஆராய்ச்சியின் புகழ் பற்றிக் கிராசியுடன் தொடங்கிய பூசல் தணியவேயில்லை. வழிகாட்டியாக இருந்த மான்சனோடும் மனம் கசந்தது. தமக்கு உரிய மதிப்பும் பொருளும் கிடைக்கவில்லை என்ற குறை அவரை அரித்துக்கொண்டேயிருந்தது. 1911இல் அரசப் பட்டமும், 1926இல் லண்டனிலே அவர் பெயரால் ஒரு மருத்துவ நிலையமும் கிடைத்தும் அக்குறை ஆறவில்லை. முதுமையிலே தம் கடிதங்களையும் குறிப்புகளையும் விலைக்கு விற்றார். மனைவி 1931இற் காலமானார். மறுவருடம் செப்டெம்பர் மாதம் 16ஆம் திகதி, தம் பெயர் தாங்கிய அந்நிலையத்திலேயே ரொஸ் உயிர் நீத்தார். பெரியவர்களுடைய சிறுமைகளை மறைத்து எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. சினமும் மனக்குறையும் உள்ள ஒரு மனிதரே இதனைச் செய்தார் என்று அறியும்போது, மாணவர்க்கு நம்பிக்கை கூடுமேயன்றிக் குறையாது.

அவர் மறைந்து இரண்டாண்டுகளில் இலங்கைக்குச் சோதனை வந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாயின. குட்டைகளிலே நுளம்பு பெருகிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளை நடுவாகக்கொண்டு கிளம்பிய மலேரியா, சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்தது. மலேரியாவை நெடுங்காலம் அறிந்திருந்த வெல்லச, பிபிலை போன்ற ஊவாத் தாழ்நிலங்களைவிட, அதனை அதிகம் அறியாத ஈரவலயத்து மக்களையே அது கொடுமையாகத் தாக்கிற்று. அதனை ஆராய்ந்து 1935இல் அறிக்கை எழுதிய மருத்துவர் கில், முன்னர் பஞ்சாபிலே மழையளவு, பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கம், தானிய விலை ஆகியவற்றைக் கொண்டு, இலையுதிர்காலத்தில் மலேரியா எங்கே மிகும் என்று ஆண்டுதோறும் முன்னறிவித்து வந்தவர். தானிய விலைக்கும் காய்ச்சலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். பசித்த உடம்பிலே காய்ச்சல் மிகுதியாகக் கொல்லும். விலையேற்றமும் மரண எண்ணிக்கையின் ஓர் உறுப்பே.

எல்லைக்கோட்டை மறந்தால் என்ன நேரும் என்பதையும் நம் நாடே உலகுக்குக் காட்டிற்று. டி.டி.ரி. மருந்தின் உதவியால் 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டோர் 17 பேர் மட்டுமே. நோய் தொலைந்தது என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் அத்தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று. பீலி நிற்கவில்லை, நாம் பார்க்காமல் இருந்தோம். பின்னர் ஒவ்வொரு நோயாளியையும் தேடிச் சென்று எண்ணிய பொறுமையினாலேயே, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இன்புளுவென்சாவை அவ்வாறு ஒழித்துவிட முடியாது. அதன் கிருமி 1933இல் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை அது ஓயாமல் உருமாறி வருகிறது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வடபாதிக்குப் பெப்ரவரியிலும் தென்பாதிக்குச் செப்டெம்பரிலும், ஊசி மருந்தில் எவ்வகைகள் இடம்பெறவேண்டும் என்று தெரிவிக்கிறது. இலங்கையிலோ ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறையும், ஆண்டிறுதியை ஒட்டி ஒருமுறையுமாக நோய் தலைதூக்குவது வழக்கம். குளிர்நாட்டின் நாட்காட்டி நமக்குப் பொருந்தாது. எந்த மாதத்தில் ஊசி இடுவது என்பதை நம் கணக்கே நமக்குச் சொல்லவேண்டும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் கிருமிகளைச் சோதிக்கிறது. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியற் பிரிவு வாரந்தோறும் எண்களை வெளியிடுகிறது. அந்த எண்களே முன்னறிவிப்புக்கு விதைநெல்.

முன்னறிவிப்புப் பொய்ப்பதும் உண்டு. 1976இல் அமெரிக்காவிலே பெருங்கொள்ளை வரும் என்று அஞ்சி, 4 கோடிப் பேருக்கு மேல் ஊசி இட்டார்கள், கொள்ளை வரவில்லை. 2009இல் எவரும் எதிர்பாராத மெக்சிக்கோவிலிருந்து ஒரு புதுவகை கிளம்பிற்று. ஆகையால் கணக்கைச் சோதிடமாகக் கொள்ளலாகாது. வானிலை அறிவிப்பைப் போல, வாரந்தோறும் திருத்தி எழுதப்படவேண்டிய ஒன்று அது. ரொஸ்ஸின் சமன்பாடு எவ்வளவு சிறந்ததாயினும், அதில் இடும் எண் பொய்யானால் விடையும் பொய்யே. எண்ணோ, கொழும்பிலே பிறப்பதில்லை. தோட்டத்து மருந்துச்சாலைப் புத்தகத்திலும், மருத்துவிச்சியின் குறிப்பேட்டிலும், பள்ளியின் வரவு இடாப்பிலுமே அது பிறக்கிறது. லயத்தில் இருமும் கிழவி எண்ணப்படாவிட்டால், உலகத்தின் சிறந்த கணிதமும் அவளைக் காணாது.

தனி ஒரு நோயாளிக்கு மருத்துவன் செய்யவேண்டியதை வள்ளுவர் வகுத்தார். ஊரே நோயாளியாகும்போது செய்யவேண்டியதை ரொஸ் வகுத்தார். இரண்டுக்கும் முதற்படி ஒன்றே: உற்றுப் பார்த்தல்.

தோட்டங்களிலே நூறாண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் ஆட்களை எண்ணியிருக்கிறார்கள். வந்தவர் எத்தனை பேர், பறித்த கொழுந்து எத்தனை இறாத்தல் என்பதெல்லாம் கணக்கில் உண்டு. வராதவர் ஏன் வரவில்லை என்ற கணக்கே இல்லை. பள்ளியில் நானும் அவ்வாறே எழுதினேன். வராத பிள்ளைக்கு ஒரு வட்டம் இட்டேன். அவ்வட்டத்துக்குள் ஒரு காய்ச்சல் இருந்தது.

சென்ற ஆண்டு அப்பள்ளிக்கு ஒருமுறை சென்றிருந்தேன். என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த அந்தச் சிறுமிதான் இப்போது அங்கே ஆசிரியை. அந்தத் தாளை அவளிடம் கொடுத்து, ரொஸ்ஸின் கதையையும் சொன்னேன். அவள் நெடுநேரம் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அம்மாயியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பின் எழுந்து சென்று, தன் இடாப்பை எடுத்துவந்து, வராதோர் தொகைக்கு அருகே ஒரு புதிய நிரலைக் கோடிட்டாள். அதன் தலைப்பிலே காய்ச்சல் என்று எழுதினாள்.